சுடாத கால்

என் தம்பியின் வலது காலில் மூன்று விரல்கள் கிடையாது. அதற்கு நானும் ஒரு காரணம். மீதிக் கால் இன்றைக்கும் அவனிடம் பத்திரமாக இருக்கிறது. அதற்குக் காரணம் எங்கள் ஊர்க்காரர்கூட இல்லாத ஓர் அம்மா. விரல் போனதில் என் பங்கு என்ன என்பது பல வருஷம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும், எனக்கும் அந்த அம்மாவுக்கும். தம்பிக்குத் தெரியாது. அந்த அம்மாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். என்னை விட்டுவிட்டு எழுதப் பார்த்தேன், முடியவில்லை.

நான் சமையல்காரன். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் சமையல் கொட்டகை. பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களுக்கு அன்னதானம் போடுகிற பந்தல்காரர்கள் எங்களிடம்தான் சொல்லிவைப்பார்கள். சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, கேசரி, எது கேட்டாலும் அண்டா அண்டாவாக ஆக்கிக் கொடுப்போம். கிண்டுகிற துடுப்பு என் கையில். விறகு தள்ளுவதும் அண்டா இறக்குவதும் தம்பி. ஊரில் என்னை மாஸ்டர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சிடுமூஞ்சி மாஸ்டர் என்பார்கள். அது என் காதிலும் விழும்.

வட ஆற்காட்டிலிருந்து மாவட்டம் பிரிந்த புதிது. திருவண்ணாமலைக்குப் புதுப்புது ஆபீஸாக வந்துகொண்டிருந்தது. இந்த அம்மாவும் அந்தக் கும்பலில் ஏதோ சர்வேக்கு வந்தவர் என்றுதான் நினைத்தோம். செங்கம் ரோட்டில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்திருந்தார். அந்தப் பக்கம் மாடி எடுப்பவர்கள் தியானம் செய்வார்கள். இவரோ மாடியில் ஒரு பிரிட்ஜும், ரத்தக் குழாய்களைப் போட்டுச் சுற்றுகிற ஒரு மிஷினும் வைத்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் ஒரு கான்வாஸ் பை. டாக்டரம்மா என்று கூப்பிட்டால் போதும், அந்த இடத்திலேயே திருத்துவார். "நான் வைத்தியம் பண்ற டாக்டர் இல்லைங்க. ஆராய்ச்சி பண்றவ. கேள்வி கேக்கறதுதான் என் வேலை." ஊர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சக்கரையம்மா என்று பெயர் வைத்துவிட்டது.

அவர் கேள்வி இதுதான். சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. உடனே அரை மணி நேரம் நடந்தால் அது எவ்வளவு இறங்கும்? இப்படி வருஷக்கணக்கில் நடந்தால் சர்க்கரை வியாதி கட்டுப்படுமா? அதற்கு எதற்கம்மா எங்கள் ஊர் என்று நான்தான் கேட்டேன். "நடக்கறதுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியது இல்லாத ஊரு இது ஒண்ணுதான்" என்றார். கெண்டைக்கால் சதை வேலை செய்யும்போது யார் உத்தரவுக்கும் காத்திராமல் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்று விளக்கினார். வெந்த அரிசி வெல்லப்பாகை இழுத்துக்கொள்வது மாதிரியா என்றேன். சட்டென்று நோட்டை எடுத்து நான் சொன்னதை எழுதிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்கு ஒருவர் என்று ஆள் சேர்த்தார். அதில் சீட்டுக் குலுக்கி ஒரு பாதிப் பேரை நடக்கச் சொன்னார், மறுபாதியை எப்போதும் போல இருக்கச் சொன்னார். எங்கள் வீட்டில் நான் சேர்ந்தேன். எனக்கு அப்போதே கொஞ்சம் சர்க்கரை இருந்தது. எனக்கு நடக்கிற சீட்டு விழுந்தது. வருஷத்துக்கு ஒருமுறை பஞ்சாயத்து ஆபீஸ் வராந்தாவில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்கள். பிறகு ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். சர்க்கரை வியாதிக்காரனுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கிற கூத்தைப் பார்க்கவே கும்பல் கூடும்.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. ஆரம்பத்தில் அதைப் பார்த்துச் சிரித்தோம், பிறகு பயந்தோம். ஒரு தடவை கேட்ட கேள்வியைப் பதில் வரும்வரை விட மாட்டார். கோபப்பட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். அதே கேள்வியை அதே முகத்தோடு மறுபடி கேட்பார்.

அவர் நோட்டில் பெயர் இருந்த ஒருத்தன் கட்டட வேலைக்குப் பெங்களூர் போய்விட்டான். வருஷச் சோதனைக்கு வரவில்லை. போனால் போகிறான் என்று விடுவாரா? மூன்று வாரம் அவன் பெண்டாட்டியை, மச்சானை, கூடப் போன ஆட்களை எல்லாம் விசாரித்து, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அவன் நாலாவது மாடிச் சாரத்தில் நின்றுகொண்டிருந்தானாம். கீழேயிருந்து ஒரு பொம்பளை தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்டு, வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று அலறிக்கொண்டு இறங்கி வந்தானாம். "ஒண்ணுமில்லைங்க, சாப்பிட்டு எவ்ளோ நேரமாச்சு?" என்று கேட்டாராம். இதை அவனே ஊருக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அடுத்த வருஷம் ஒழுங்காக வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனான்.

பௌர்ணமிப் பகலில் பந்தலுக்குப் பந்தல் நிற்பார். ஒரு பந்தலில் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டவரை அடுத்த பந்தலுக்கு முன்னால் மடக்கி, "ஒரு சொட்டு ரத்தம் குடுங்க" என்பார். "சாமி கும்புட வந்தா ரத்தம் கேக்கறியேம்மா, இன்னா ஊருய்யா இது!" என்று ஒருவர் கத்தினார். அந்த அம்மா அவரோடேயே நடக்க ஆரம்பித்துவிட்டார். அரை மைல் தாண்டுவதற்குள் அந்த மனிதர் விரலை நீட்டிவிட்டார்.

இன்னொன்று, காலைப் பார்ப்பது. சர்க்கரை ஜாஸ்தியானால் காலில் உணர்ச்சி போய்விடும் என்பார். சோதனைக்கு வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, தான் தரையில் உட்கார்ந்து, அவர் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் நூலால் உள்ளங்காலைத் தொட்டு, "தெரியுதா? இப்போ?" என்று கேட்பார். படித்த பொம்பளை காலைத் தொடுவதா என்று ஊரே துள்ளியது. முதல் நாள் நான் காலை இழுத்துக்கொண்டேன். "ஐயோ, வேணாம்மா. பாவம் வந்து சேரும்." அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பாவத்தை அப்புறம் பாத்துக்கலாம், மாஸ்டர். தெரியுதா, தெரியலையா?" என்றார்.

முதல் வருஷம் நான் யோக்கியமாக நடந்தேன். மூன்று வேளையும் சாப்பிட்டுக் கை கழுவியதும் நடை. சோதனையில் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. சோதனைச் சீட்டைப் பார்த்து அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததே, அதை இன்னும் மறக்கவில்லை. நாளெல்லாம் பொங்கல் கிண்டுகிறவருக்கே இறங்கியிருக்கிறது என்று நாலு பேரிடம் சொன்னார். என் பெண்டாட்டிகூட என்னைப் பற்றி நாலு பேரிடம் நல்லதாகச் சொன்னதில்லை. நான் தரையில் நடக்கவில்லை போங்கள்.

அதுதான் என்னைக் கெடுத்தது. அடுத்த வருஷம் கல்யாண சீசன், அன்னதானம் என்று வேலை கழுத்துவரை. நடை நின்றுபோனது. அண்டாவுக்கு அண்டா கை நிறைய எடுத்து ருசி பார்த்தேன். சோதனை நாள் நெருங்கியது. அந்த முகம் வாடிப்போவதைப் பார்க்க என்னால் முடியாது என்று தோன்றியது. அன்றைக்கென்று அந்த அம்மா சென்னைக்குப் போயிருந்தார். ரத்தம் எடுக்க வந்தது ஒரு புதுப் பையன். அவனுக்கு எங்கள் யார் முகமும் தெரியாது.

தம்பியைக் கூப்பிட்டு, என் பெயரைச் சொல்லி உட்கார்ந்து ரத்தம் கொடுத்துவிட்டு வா என்றேன். அவனுக்கு முப்பத்தைந்து வயது. கடப்பாரை மாதிரி உடம்பு. மூட்டை அரிசியைத் தனியாளாகத் தூக்குவான். அவன் ரத்தத்தில் என்ன இருக்கப்போகிறது? அவனும் யோசிக்கவில்லை. "ரேஷன் கடையில நிக்கறா மாதிரிதானேண்ணா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனான். குளுக்கோஸ் தண்ணீர் நன்றாக இருந்தது, எலுமிச்சம்பழம் பிழிந்திருந்தார்கள் என்று வந்து சொன்னான்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா கொட்டகைக்கு வந்தார். கையில் சீட்டு. "மாஸ்டர், உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார். திட்டவில்லை, பதறினார். சீட்டில் இருந்த எண், என் சர்க்கரை ஏறவே ஏறாத உயரத்தில் இருந்தது. அது என் தம்பியின் ரத்தம். அவன் பேச்சு காதில் விழாத தூரத்தில், கொட்டகையின் மறுகோடியில், ஒரு சொம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தான். அந்த வருஷம் முழுக்க அவன் அப்படித்தான் தண்ணீர் குடித்தான். அனல் வேலை, தாகம் எடுக்கிறது என்று நினைத்தோம்.

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "சீசன்மா, ருசி பாக்கறது கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு" என்று பூசி மெழுகினேன். ஏன் என்று கேட்டால், வெட்கம். வேறு ஒரு காரணமும் இல்லை. மிஷின் கெட்டுப்போயிருக்கும், தம்பிக்காவது சர்க்கரையாவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து என் சொந்த ரத்தத்தைக் கொடுத்தேன். என் எண் வந்தது. கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும், நல்லவேளை இறங்கிவிட்டது என்று போயிருப்பார்கள். இந்த அம்மா அந்தப் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். அப்புறம் ஒரு வருஷம் என்னை விடவில்லை. "மாஸ்டர், அந்த நம்பர் எனக்குப் புரியலை. அதுக்கு முந்தின நாள் என்ன சாப்பிட்டீங்க?" மறுமாதம், "அப்போ காய்ச்சல் ஏதாவது இருந்துதா?" அதற்கடுத்த மாதம், "மூட்டு வலிக்குன்னு நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?" நானும் சளைக்காமல் ஒவ்வொரு தடவையும் ஒரு பொய் சொன்னேன். அவரைத் தூரத்தில் பார்த்தாலே கொட்டகைக்குப் பின்னால் போய் விறகு பொறுக்குவேன்.

அடுத்த ஆடியில் எங்கள் பக்கத்தில் அம்மன் கோயில் தீமிதி. தம்பி காப்புக் கட்டி, விரதம் இருந்து, சாயங்காலம் மஞ்சள் துணியோடு தீக்குழியில் இறங்கினான். மற்றவர்கள் நாலே எட்டில் ஓடிக் கரையேறினார்கள். இவன் சாவகாசமாக, வயல் வரப்பில் போவது போல நடந்து வந்தான். "சுடவே இல்லைண்ணா! சத்தியமா, கொஞ்சம்கூட சுடலை!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வழிந்தது. கும்பல் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டது. வயதானவர்கள் வந்து அவன் காலில் விழுந்தார்கள். பிறந்ததிலிருந்து அண்டா தூக்கினவன் அவன். அன்றைக்கு ஒரு நாள்தான் ஊர் அவனை ஏறிட்டுப் பார்த்தது.

நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். போட்டுக்கொள்ளும்போதே, சர்க்கரை ஜாஸ்தியானால் காலில் உணர்ச்சி போய்விடும் என்று அந்த அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை.

செய்தி செங்கம் ரோடு வரைக்கும் போயிருக்கிறது. இருபது நாளில் அந்த அம்மா வந்து நின்றார். நேராகக் கொட்டகைக்கு வரவில்லை. முதலில் தீ மிதித்த மற்ற ஆட்களின் வீட்டுக்கெல்லாம் போய், "உங்களுக்குச் சுட்டுச்சா?" என்று கேட்டிருக்கிறார். அம்மன் புண்ணியத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் சுருக்கென்றுதான் இருந்தது என்று எல்லோரும் சொன்னார்களாம். ஒருத்தனுக்கு மட்டும் ஒன்றுமே தெரியவில்லை என்றால் அவனைப் பார்க்க வேண்டும் என்று வந்திருக்கிறார்.

தம்பி பெருமையாகக் காலை நீட்டினான். அவர் அப்படியே விறகுத் தூளில் உட்கார்ந்து, காலை மடியில் வைத்து நூலால் தொட்டார். "தெரியுதா?" "இல்லைம்மா." "இங்க?" "தொடறீங்களா என்ன?" என்று சிரித்தான். விரல்களைப் பிரித்துப் பார்த்தார். அடியில் கொப்புளம் உடைந்து, கறுத்து, சீழ் கோத்திருந்தது. நாற்றம் எனக்கே அடித்தது. அவனுக்குத் தெரியவில்லை. கையடக்க மிஷினை எடுத்துக் கைவிரலில் ஒரு குத்து. எண் வந்தது. அதைப் பார்த்தார். பையிலிருந்து நோட்டை எடுத்து, கேள்விக்குறி போட்ட பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அண்டாவைப் பார்த்தேன்.

"மாஸ்டர், ஒரு நிமிஷம் இப்படி வாங்க."

விறகு அடுக்குக்குப் பின்னால் போனோம்.

"அன்னிக்கு உக்காந்தது நீங்க இல்லை."

"இல்லைம்மா."

"அது உங்க ரத்தம் இல்லைன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

"நீங்க சீட்டைக் கொண்டாந்த அன்னிக்கே தெரியும்."

அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம். பேனாவை எடுத்து அந்த எண்ணுக்கு எதிரே இருந்த என் பெயரை ஒற்றைக் கோடாக அடித்து, மேலே தம்பியின் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டார். அடித்த பெயர் நன்றாகப் படிக்கும்படி இருந்தது. "அந்தப் பக்கத்தையே கிழிச்சுப் போட்டுடுங்கம்மா" என்றேன். "கிழிக்க மாட்டேன். தப்பு நடந்துதுன்னு தெரியணும். இதுல என் தப்பும் இருக்கு. ஒரு வருஷமா நம்பரைப் பத்தியே கேட்டேனே ஒழிய, உக்காந்த ஆள் யாருன்னு கேக்கலை" என்றார். உடனே, "வண்டி சொல்றேன். இப்பவே வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றார்.

"பொங்கல் பாதியில இருக்கும்மா. இறக்கிட்டு வந்துடறேன்."

என் வாயிலிருந்து அப்படித்தான் வந்தது. பழக்க தோஷம். அவர் அடுப்பிடம் போய், எரிகிற கட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டு, குடத்துத் தண்ணீரைத் தூக்கி ஊற்றினார். புகையில் இருமிக்கொண்டே, "இறங்கிடுச்சு. வாங்க" என்றார்.

வேலூரில் முதல் நாள் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்றார்கள். தம்பி, அண்டா தூக்குகிறவனுக்குக் கால் இல்லாவிட்டால் என்ன இருக்கிறது என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அந்த அம்மா தினமும் காலையில் டாக்டர்களிடம் போய் அதே கேள்வியைக் கேட்டார். "இன்னும் ஒரு நாள் பாக்கலாமா?" ஒரு நாள் ஒரு நாளாகப் பதினோரு நாள் வாங்கினார். சர்க்கரை இறங்கியது, புண் நின்றது. மூன்று விரல்களோடு போயிற்று.

விரல் எடுத்த மறுநாள் தம்பி மெதுவாகக் கேட்டான். "போன வருஷம் உனுக்குப் பதிலா ரத்தம் குடுத்தேனேண்ணா. அதுல ஒண்ணும் தெரியலையா?"

"எல்லாம் நல்லாத்தான் இருந்துதுன்னாங்கடா" என்றேன்.

அந்த அம்மா ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். கேட்டுவிட்டார். என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"நான் இப்போ உள்ள போய்ச் சொல்லிடலாம். ஆனா அது நீங்க சொல்ல வேண்டியது. நீங்க சொல்ற வரைக்கும் நான் கேப்பேன்."

எத்தனை நாள் கேட்டுவிடுவார் என்று நினைத்தேன். ஏழு வருஷம் கேட்டார்.

வேலூரிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாக நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினார். எனக்கு மட்டும்தான் இந்தப் புத்தி வந்தது என்று நினைத்திருந்தேன். இன்னும் சில பேர் மகனை அனுப்பியிருந்தார்கள், மருமகளை அனுப்பியிருந்தார்கள். நல்ல எண் வாங்கிக் கொடுத்தால் அம்மா சந்தோஷப்படுவார்கள் என்று! அந்த வருஷத்துச் சோதனை மொத்தத்தையும் செல்லாது என்று தள்ளி, ஏன் தள்ளினேன் என்று எழுதிவைத்து, ஆளுக்கு ஆள் முகம் பார்த்து மறுபடி ஆரம்பித்தார். கடைசியில் முடிவு வந்தபோது பஞ்சாயத்து ஆபீஸில் எல்லோரையும் கூட்டினார். "நடந்தவங்களுக்கு இறங்கியிருக்கு. ஆனா நான் நினைச்ச அளவுக்கு இல்லை, கம்மிதான்" என்று பச்சையாகச் சொன்னார். கொஞ்சம் கூட்டிச் சொன்னால்தான் என்ன, எவனாவது அளக்கவா போகிறான் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

இதற்கு நடுவே என்னை எங்கே பார்த்தாலும் ஒரே வார்த்தை. "சொல்லியாச்சா?" கார்த்திகை தீபக் கும்பலில் கேட்டார். ஒரு கல்யாணத்தில் நான் பரிமாறும்போது இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். சாப்பிட்ட கையோடு மண்டபத்தைச் சுற்றி நடக்கும்போது, அடுப்படி வாசலில் நின்று மறுபடி கேட்டார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "உங்களுக்கு வேற வேலையே இல்லையாம்மா?" என்று கத்திவிட்டேன். "இருக்கு. இதுவும் அதுல ஒண்ணு" என்றார். பணி ஓய்வு பெற்று மாடியைக் காலி செய்துவிட்டுச் சென்னைக்குப் போனார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். எங்கள் கொட்டகைக்குப் போன் இணைப்பு வந்தது அந்தச் சமயம்தான். நம்பர் எப்படிக் கிடைத்ததோ, மாதம் பிறந்தால் அழைப்பு வந்துவிடும்.

தம்பி தேறிவிட்டான். உட்கார்ந்து காய் நறுக்குவான், கணக்காக மாத்திரை போடுவான். அவனுக்கென்று தைத்த கறுப்பு ரப்பர் செருப்பு ஒன்று உண்டு, அதில்லாமல் தரையில் கால் வைக்கக்கூடாது. ஆனால் சுடாத கதையை மட்டும் அவன் விடவில்லை. வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் சொல்வான். சொல்லும்போது அவன் முகத்தில் வரும் வெளிச்சம் வேறு எதற்கும் வராது.

ஒரு ஆடி மாதம், காலையில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னான். "அண்ணா, வர வெள்ளிக்கிழமை காப்புக் கட்டிக்கப் போறேன். அம்மன் ஒருதரம் காப்பாத்துனா, மறுபடியும் காப்பாத்த மாட்டாளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் வேண்டாம் என்பார் என்றேன், காலைக் காட்டினேன், கத்தினேன். "உனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, அதான் உனக்குப் புரியலை" என்றான். அன்றைக்குப் பார்த்துப் போன் அடித்தது.

"சொல்லியாச்சா?"

"இல்லைம்மா. அவன் திரும்பத் தீ மிதிக்கறேன்னு நிக்கறான்."

"அப்போ இன்னிக்கே சொல்லுங்க. நாலு மணிக்குத் திரும்பக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவன் எதிரில் உட்கார்ந்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் சீட்டில் ஆரம்பித்தேன். எண் என்ன, எப்போது வந்தது, நான் என்ன பொய் சொன்னேன், வேலூரில் என்ன பொய் சொன்னேன், எல்லாவற்றையும் கொட்டினேன். விரலைப் பற்றி அவன் கத்துவான், அடிப்பான் என்று காத்திருந்தேன். அவன் விரலைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"அந்தச் சீட்டு வந்தது தீமிதிக்கு முன்னாடியாண்ணா?"

"முன்னாடிதான்."

"அப்போ கால் மரத்துப் போயிருந்துது."

"ஆமாண்டா."

"அப்போ அன்னிக்கு... அம்மன் இல்லையா?"

அவன் என் பதிலுக்குக் காத்திருந்தான். பிறகு எழுந்து வெளியே போனான். நான் அப்படியே உட்கார்ந்து அழுதேன். வெங்காயத்துக்குக்கூட அழாதவன் நான்.

நாலு மணிக்குப் போன் அடித்தது.

"சொல்லிட்டேன்மா."

"என்ன கேட்டார்?"

"அன்னிக்கு அம்மன் இல்லையான்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்றது? நீங்களே சொல்லுங்க, என்ன சொல்றது?"

"எனக்குத் தெரியாது, மாஸ்டர்" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. ஆனால் அடுத்த கேள்வி உடனே வந்தது. "தம்பி இப்போ எங்க?"

"ரோட்டுப் பக்கம் போனான்."

"செருப்பு போட்டுட்டுப் போனாரா?"

வாசலைப் பார்த்தேன். கறுப்புச் செருப்பு இரண்டும் படிக்குக் கீழே கிடந்தன.

"இல்லைம்மா."

"அப்புறம் என்கிட்ட என்ன பேச்சு? எடுத்துட்டு ஓடுங்க!"

ரிசீவரை அப்படியே போட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆடி வெயில், தார் இளகிக் கிடந்தது. அந்த ரோட்டில் அவன் மலையை ஒட்டி வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தான், சுடுவது தெரியாமல். "டேய் நில்லுடா, உன் கால்ல விழறேன், நில்லு" என்று கத்தினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நின்றான். செருப்பை அவன் முன்னால் வைத்தேன். என்னைப் பார்க்காமல் அதை மட்டும் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் காலை நுழைத்தான். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தான். பத்தடி விட்டு நானும் நடந்தேன்.

கொட்டகையில் அவன் உட்கார்ந்து செருப்பைக் கழற்றியபோது பாதத்தைக் குனிந்து பார்த்தேன். பிறகு ரிசீவரை எடுத்து வைத்தேன். வைத்த கையோடு அடித்தது.

"போட்டுக்கிட்டாரா?"

"போட்டுக்கிட்டான்மா."

"கால்ல கொப்புளம் இருக்கா?"

"பாத்துட்டேன். இல்லை."

"உங்ககிட்டப் பேசினாரா?"

"இல்லைம்மா."

"சரி" என்றார். "நாளைக்குக் கேக்கறேன்."